சார்ஜாவில் மாறாத பக்கம்

ஃபாஜிலுக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று அவனுடைய நானா ஷஹ்பாஸ், கூடப்பிறந்த அண்ணன். இன்னொன்று ஊருக்காக அவன் நடத்திய இணையதளம். முதலாவது அவன் எதுவும் செய்யாமலே கிடைத்தது. இரண்டாவதை அவனே கண்விழித்துக் கட்டினான். கடைசியில் இரண்டாவது போய் முதலாவதின் தலையில் கல்லைப் போட்டுவிட்டது.

கீழ்வேளூரிலிருந்து கிழக்கே போகிற சாலையில் அவர்கள் ஊர். வயல் வைத்திருந்தவர்கள் சம்பா நட்டார்கள், வயல் இல்லாதவர்கள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். ஃபாஜிலின் அத்தா பினாங்கில் ஜவுளிக்கடை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு ஐப்பசி மழையில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தார். அப்போது ஷஹ்பாஸ் சார்ஜாவுக்குப் போன புதிது. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, யாரிடம் போய் விடுப்புக் கேட்பது என்பதே தெரியாத வயது. தந்தி அவன் கைக்குப் போனபோது இங்கே அத்தாவின் மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்திருந்தது.

அது அவனுக்கு ஆறவே இல்லை. விடுப்பில் வரும்போதெல்லாம் பெட்டியை வைத்த கையோடு அத்தாவை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போவான். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததும் உம்மா லத்தீஃபாவிடம் அதையே சொல்வான்.

"அத்தா மொகத்தத்தான் பாக்காம வுட்டுட்டேன். உங்களுக்கு என் கையாலதான் மண்ணு போடுவேன் உம்மா. வேலையே போனாலும் வந்துருவேன்."

"நான் என்னமோ நாளைக்கே போறாப்புல பேசுறியே, மொதல்ல சோத்தத் தின்னு" என்று லத்தீஃபா தட்டில் மீனைப் போடுவாள். ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதை ஃபாஜில் கேட்டிருக்கிறான். பிள்ளை கையால் மண் வாங்கிக்கொண்டு போகப் போகிறவள் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

ஃபாஜிலைத் தஞ்சாவூருக்கு அனுப்பி எம்.சி.ஏ. படிக்கவைத்தது ஷஹ்பாஸ்தான். விடுதியில் ஒரே அறையில் கிடந்தவன் பரிதி. கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்தான். அவன் அப்பா செல்லதுரை பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் கண்டவர். பரிதிக்கு எதையும் அளந்து பார்க்காமல் நம்ப வராது. விடுதிக் குழம்பில் உப்புக் குறைவு என்று எல்லோரும் கத்தினால், எல்லாருக்கும் குறைவா, கடைசிப் பந்திக்கு மட்டும் குறைவா என்று விசாரித்துக்கொண்டு நிற்பான். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கம்பெனி அவனைக் கொத்திக்கொண்டு போயிற்று. அமெரிக்க வங்கிகளின் இணையதளங்கள் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று சோதித்துச் சொல்கிற வேலை. அவனுக்கென்றே செய்துவைத்தது போல இருந்தது.

ஃபாஜிலுக்கும் விசா வந்தது. ஒரு பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பியது போதும் என்று உம்மா கையைப் பிடித்துக்கொண்டதால் அவன் ஊரிலேயே கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்தான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், தேர்வு முடிவு பார்க்கிறவர்கள், வெளிநாட்டு மாப்பிள்ளையோடு பேச வருகிற பெண்கள் என்று கடை ஓடியது. ஓய்ந்த வேளையில் அவன் ஊர் இணையதளத்தைக் கட்டினான்.

அந்தத் தளத்தில் தொழுகை நேரம் இருக்கும், மேட்டூர் அணை திறந்தார்களா என்பது இருக்கும், நிக்காஹ் படங்கள் இருக்கும். ஆனால் சார்ஜாவிலும் தம்மாமிலும் இருந்தவர்கள் காலையில் எழுந்து முதலில் பார்த்தது முகப்பின் உச்சியில் இருந்த வஃபாத் என்கிற மரண அறிவிப்பைத்தான். அதற்குக் காரணம் இருந்தது. எப்போதோ ஒருவருக்கு, தகப்பனார் மவுத்தான சேதியைப் போனில் பட்டென்று சொல்லி, அவர் அங்கேயே மயங்கி விழுந்து மண்டை உடைந்துவிட்டது. அதிலிருந்து ஊரில் யாரும் மவுத் சேதியைப் போனில் சொல்வதில்லை. "உடம்புக்கு முடியல, வர முடியுமா பாரு" என்பார்கள், அவ்வளவுதான். போனை வைத்ததும் அங்கே இருப்பவன் தளத்தைத் திறப்பான். பெயர் இருந்தால் உட்கார்ந்து அழுதுவிட்டு டிக்கெட் போட ஓடுவான். பெயர் இல்லாவிட்டால் மூச்சு விடுவான். யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. ஆனால் ஊர் முழுக்க அதன்மேல்தான் நடந்தது.

வினை ஒரு பிறை பார்க்கிற நாளில் ஆரம்பித்தது. ரமலான் இருபத்தொன்பது மாலை. பிறை தெரிந்ததா, நாளைக்குப் பெருநாளா என்று உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறந்தார்கள். தளம் படுத்துவிட்டது. அடுத்த ஊர்க்காரர்களின் தளம் மட்டும் ஜோராக ஓடியது. பெருநாள் தொழுகைக்குப் போன இடத்தில் நாலு பேர் சிரித்தது ஃபாஜிலுக்கு வேட்டியை உருவியது போல் ஆகிவிட்டது.

தீபாவளிக்கு வந்த பரிதி கடையில் வந்து உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்கப் பக்கத்தை நோண்டினான். பக்கத்தின் அடியில் ஓர் எண்காட்டி இருந்தது, இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுவது. ஒவ்வொரு ஆள் வரும்போதும் சர்வர் ஒரு கோப்பைத் திறந்து, ஒன்று கூட்டி, மூடவேண்டும். ஊரே ஒன்றாக வந்தபோது அந்த ஒரு கோப்பின் வாசலில் எல்லோரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். மற்றபடி தளத்துக்கு ஒரு நோயும் இல்லை. எண்காட்டியைத் தூக்கிவிட்டால் போதும் என்றான் பரிதி.

ஃபாஜில் கண்ணைக் கேட்டாலும் பிடுங்கிக் கொடுத்திருப்பான், எண்காட்டியைக் கொடுக்க மாட்டான். ஜமாத் பெரியவர்கள் கடைக்கு வந்தால் அவன் முதலில் காட்டுவது அதைத்தான். அதனால் அதை மட்டும் தனியாகப் பிரித்து ஓரத்தில் ஒட்டினான். பிரித்த உடனேயே வியாதி தீர்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், ஆனால் பெருநாளன்று சூடு கண்டவனுக்குக் கை நிற்கவில்லை. முகப்புப் பக்கத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்யாமல், செய்து தயாராக வைத்த பக்கத்தையே கொடுக்கும்படி மாற்றினான். அதுவும் பரவாயில்லை. அதற்கு மேலும் போய், பக்கத்தோடு ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினான். ஒருவர் ஒருமுறை திறந்துவிட்டால், அந்தப் பக்கத்தை அவருடைய கம்ப்யூட்டரே அரை நாளைக்கு எடுத்துவைத்துக்கொள்ளும், மறுபடி திறந்தால் சர்வரைத் தொந்தரவு செய்யாமல் அதையே காட்டும்.

பிறகு கடையின் ஒரு கம்ப்யூட்டரைச் சர்வராக்கி, பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அதன்மேல் ஆயிரக்கணக்கில் கேள்விகளை ஏவிப் பார்த்தான். நொடிக்கு எத்தனை தாங்கியது என்று வந்த எண்ணைப் பார்த்து அவனுக்கே தலை கால் புரியவில்லை. பெஞ்ச்மார்க் என்று தலைப்புப் போட்டு அதைத் தளத்திலேயே வெளியிட்டான். அடுத்த ஊர்க்காரர்கள் பார்க்கவேண்டுமே. பரிதி சென்னையிலிருந்து போன் செய்தான்.

"ஓங் கடையிலேருந்து ஓங் கடைக்கே ஓட்டப்பந்தயம் வுட்டு நீயே கப்பும் வாங்கிக்கிற. எங்க அடச்சிருக்குன்னு அளந்து பாத்தாச்சு, எடுத்தாச்சு. அதுக்கு மேல எதுக்குடா கை வெக்கிற?"

இருவரும் நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள். ஃபாஜில் அடுத்த வருடப் பிறைக்கு இரண்டு மடங்குக் கூட்டம் வரும் என்றான். பரிதி, வரட்டும், வந்தபிறகு அளந்து பார்த்துச் செய், வராத கூட்டத்துக்கு இப்போதே பந்தல் போடாதே என்றான். கடைமடையில் தண்ணீர் ஏறவில்லை என்றால் தன் அப்பா வாய்க்கால் நெடுக நடந்து அடைத்திருக்கிற இடத்தைத்தான் பார்ப்பார், ஆற்றை அகலப்படுத்தப் போகமாட்டார் என்றான். உனக்குப் பொறாமை என்று ஃபாஜில் வாய்தவறிச் சொன்னான். பரிதி ஒன்று மட்டும் கேட்டான்.

"அரை நாளைக்கு வெச்சுக்கன்னு சொல்லிட்டியே, நடுவுல நீ பக்கத்த மாத்துனா பாக்குறவனுக்கு எப்புடிடா தெரியும்?"

மாற்றிப் பார்த்துவிட்டேன், உடனே தெரிகிறது என்றான் ஃபாஜில். பொய் சொல்லவில்லை, அவன் கடையில் உடனே தெரியத்தான் செய்தது. பிரவுசிங் சென்டரில் ஒருவர் பார்த்தது அடுத்து உட்காருபவருக்குத் தெரிந்தால் ஊரில் வெட்டுக்குத்தாகிவிடும் என்று, கடையின் எந்தக் கம்ப்யூட்டரும் எதையும் எடுத்துவைக்காதபடி முதல் நாளே பூட்டி வைத்திருந்தவன் அவன். அதை அவன் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. அடுத்து வந்த வாரங்களில் ஊரில் ஒரு மவுத்துதான் நடந்தது. அந்தப் பெரியவரின் பிள்ளைகள் எல்லோரும் ஊரிலேயே இருந்தார்கள்.

தை பிறந்து, அறுவடை மிஷின்கள் வயலில் இறங்கிய சமயம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் லத்தீஃபா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். ஃபாஜில் கொண்டுவந்து வாயில் வைத்தபோது அது உள்ளே போகவில்லை.

வீடு கூடிவிட்டது. உம்மாவின் தம்பி கலந்தர் மாமா வந்தவுடன் பொறுப்பை எடுத்துக்கொண்டார். சார்ஜாவிலிருந்து மத்தியானம் திருச்சிக்கு ஒரு விமானம் இருக்கிறது, மூத்த பிள்ளை அதைப் பிடித்தால் ராத்திரிக்குள் வீடு வந்துவிடுவான், மய்யத்தை ஐஸ் பெட்டியில் வைத்து நாளை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு எடுக்கலாம் என்று ஜமாத்தில் பேசினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். லத்தீஃபாவின் ஆசை தெருவுக்கே தெரியும்.

ஃபாஜில் அழுதபடியே கடைக்கு ஓடினான். அத்தாவின் பெயரைப் போட்டு அவர் மனைவி, இன்ன தெரு, ஷஹ்பாஸ், ஃபாஜில் ஆகியோரின் தாயார் என்று எல்லாவற்றையும் தானே அடித்துத் தளத்தின் உச்சியில் ஏற்றினான். திறந்து பார்த்தான், சட்டென்று வந்தது. அடித்தவனாலேயே அதை ஒருமுறைக்கு மேல் படிக்க முடியவில்லை. நானாவுக்குப் போன் செய்யக் கை போயிற்று. குரலைக் கேட்டால் தாங்கமாட்டார், படித்துவிட்டு அவரே கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டான். கலந்தர் மாமா முறைப்படி சார்ஜாவுக்குப் பேசினார். உம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, இன்றைக்கே வர முடியுமா பாரு என்றார்.

ஷஹ்பாஸ் அன்று விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் வழக்கம்போல் அறையில் இருந்த தன் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்து பார்த்திருந்தான். உம்மா அப்போது உயிரோடு இருந்தாள். மாமாவின் போன் வந்ததும் மறுபடி திறந்தான், உம்மாவின் அறிவிப்பு இல்லை. மூடிவிட்டுத் திறந்தான், இல்லை. அறையில் இருந்த மற்றவர்கள் மலையாளத்துக்காரர்கள், ஊர் நிலவரம் கேட்க அங்கே வேறு நாதியில்லை. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. மவுத்தென்றால் வெள்ளிக்கிழமை விடுமுறையானாலும் மேனேஜர் வீட்டுக் கதவைத் தட்டலாம், காலில் விழலாம். உடம்பு முடியவில்லை என்பதற்குத் தட்டினால், நாளைக்கு ஆபீசில் வந்து பார் என்று கதவைச் சாத்துவார். இரண்டு தரம் கெஞ்ச முடியாத ஆள் அவர். அந்த ஒரு தரத்தை உம்மாவின் கடைசிக்காக ஷஹ்பாஸ் இத்தனை வருடமும் செலவழிக்காமல் வைத்திருந்தான்.

மத்தியானம் மாமாவைக் கூப்பிட்டான். நாளைக்கு மேனேஜரிடம் சொல்லி அடுத்த மாதம் விடுப்பு வாங்கிக்கொண்டு வருகிறேன், அதுவரை உம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். தளத்தில் ஏற்றிப் பல மணி நேரமாயிற்று, இவன் பார்க்காமல் இருப்பானா. பார்த்துவிட்டான், கம்பெனி விடவில்லை, அதை வாயால் சொல்லத் தெம்பில்லாமல் இப்படிப் பேசுகிறான் என்று கலந்தர் மாமா எடுத்துக்கொண்டார். அவனை அதற்கு மேல் நோகடிக்க மனமில்லாமல் உம்மாவுக்காக அல்லாவிடம் துஆ கேட்கச் சொல்லிப் போனை வைத்தார்.

ஃபாஜில் அப்போது கபர்ஸ்தானில், அத்தாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டுகிற இடத்தில் நின்றான். நானாவால் வர முடியாதாம், இன்று சாயங்கால அஸர் தொழுகைக்கே எடுத்துவிடலாம் என்று ஆள் வந்து சொன்னபோது அவனுக்கு அழுகையை மீறிக் கோபம் வந்தது. எத்தனை வருடப் பேச்சு. வேலையே போனாலும் வருவேன் என்றவருக்கு வேலை பெரிதாகிவிட்டது. உம்மாவைக் குழியில் இறக்கி முதல் கைப்பிடி மண்ணைப் போடும்போது, நானாவின் பங்கையும் நானே போடுகிறேன் உம்மா என்று மனசுக்குள் வெறுப்போடு சொன்னான். அந்த வெறுப்பைத்தான் பிறகு அவனால் மன்னிக்கவே முடியவில்லை.

மறுநாள் விடிந்து சற்றுநேரத்தில் போன் வந்தது. ஷஹ்பாஸின் குரல் தணிந்து, ஏதோ வழி தவறியவன் விசாரிப்பது போல இருந்தது.

"ஃபாஜிலு, தளத்துல ஒரு வஃபாத்து போட்டுருக்கே. அத்தா பேரு, நம்ம தெருவு, எம் பேரு, ஓம் பேரு எல்லாம் இருக்கு. அது நம்ம உம்மாவாடா?"

ஃபாஜிலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், நேற்றே போட்டேனே நானா, நேற்றுக் காலையிலேயே போட்டேனே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தப் பக்கம் ஷஹ்பாஸ், எடுத்துட்டீங்களா, எடுத்துட்டீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கலந்தர் மாமா வந்து போனை வாங்கவேண்டியதாயிற்று.

செய்தி கேட்டுப் பரிதி அன்றே சென்னையிலிருந்து கிளம்பி வந்தான். கடையை உள்ளே தாழிட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். யார் எப்போது கேட்டார்கள் என்று சர்வர் குறித்துவைத்த பதிவில், வெள்ளிக்கிழமை ஷஹ்பாஸின் அறையிலிருந்து முகப்புப் பக்கத்தைக் கேட்டு வந்தது ஒரே தடவை, விடியற்காலையில். ஓரத்தில் ஒட்டியிருந்த எண்காட்டி மட்டும் ஷஹ்பாஸைச் சாயங்காலம் வரை விடாமல் எண்ணியிருந்தது. அவன் திறந்திருக்கிறான், மூடியிருக்கிறான், மறுபடி திறந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவனுடைய கம்ப்யூட்டர், தம்பி சொல்லிக்கொடுத்தபடி, உம்மா உயிரோடு இருந்த நேரத்துப் பக்கத்தையே எடுத்து நீட்டியிருக்கிறது. எத்தனை தடவை என்று பரிதி வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்றும் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும் என்று ஃபாஜிலுக்குத் தோன்றியது. அந்த ஒரு வரியை அவர்கள் அழித்தார்கள். தளம் முன்பு போலவே ஓடியது, யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த வேகம் இல்லாமல் யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஷஹ்பாஸ் வந்தான். ஃபாஜில் திருச்சிக்குப் போய் அவனைக் காரில் அழைத்துவந்தான். தஞ்சாவூர் தாண்டி வரும் வழியெல்லாம் வைக்கோல் ஏற்றிய வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஷஹ்பாஸ் வழக்கம்போல் பெட்டியை வைத்துவிட்டு கபர்ஸ்தானுக்குத்தான் போனான். அத்தாவின் பக்கத்தில் மண் இறுகி, புல்கூட எட்டிப் பார்த்திருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளப் பார்த்தான். காய்ந்து கெட்டித்த மண், கையோடு வரவில்லை. நகத்தால் சுரண்டினான். ஃபாஜில் பார்க்கமுடியாமல் திரும்பிக்கொண்டான்.

அங்கேயே, கபருக்குப் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னான். பிறை பார்த்த நாளில் தளம் படுத்தது, அடுத்த ஊர்க்காரர்கள் சிரித்தது, பரிதி வேண்டாம் என்றது, தான் கேட்காதது, அந்த ஒரு வரி. நடுவில் உம்மாவின் மேல் தனக்கிருந்த பாசத்தைச் சொல்லப் போய் அதை முடிக்காமல் விட்டான். அடிங்க நானா, திட்டவாவது செய்யுங்க என்றான். ஷஹ்பாஸ் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குச் சர்வரும் புரியவில்லை, வரியும் புரியவில்லை. கேட்க நினைத்தது அது இல்லை.

"உம்மாவ எத்தன மணிக்கு அடக்கினீங்க?"

அஸர் தொழுதுவிட்டு, நாலரை மணி இருக்கும் என்றான் ஃபாஜில். சார்ஜாவில் அப்போது மூன்று மணி. ஷஹ்பாஸ் அதை மனசுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"காலையிலேருந்து பாத்துப் பாத்து, பேரு வரலன்னதும் கண்டம் தாண்டிருச்சுன்னு நெனச்சேன்டா. உம்மா பொழச்சுக்கிச்சுன்னு அல்லாவுக்கு நன்றியா அந்நேரந்தான் ரெண்டு ரக்அத் சுக்ரு தொழுதேன். ரூம்ல எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தேன். அன்னிக்கு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்கினேன்."

ஃபாஜில் நானாவின் காலைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணிலேயே விழுந்து அழுதான். ஷஹ்பாஸ் அவனைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.